இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம்

எங்களோடு சேர்ந்து ஜெபிக்கிற எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லிக்கொள்கிறேன். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வந்த கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது என்னால் இன்னொருவருக்கு வந்த கஷ்டம். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

போன வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற என் சின்னக் கடையில், போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். முன்னால் இரண்டு பேர் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கொப்பி எடுக்கக் காத்து நின்றார்கள். எழுந்து போக எனக்குத் தைரியம் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் யோவேல். கொப்பி எடுப்பது, பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது, கம்ப்யூட்டரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது, இவைதான் என் தொழில். எங்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "யோவேல் தம்பிகிட்ட குடுத்தா கவலையில்ல" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு பெருமை வளர்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

பரமேஸ்வரி அக்கா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவருடைய கணவர் லோகநாதன் மஸ்கட்டில் கட்டிட வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் பலத்த அடி. வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் நாள் குறித்தார்கள். அந்த நாள் தவறினால் கால்கள் வழங்காமல், நடக்கவே முடியாமல் போய்விடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த மனிதர் பயந்துபோய், "எங்க வீட்டுக்காரி வராம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பிடிவாதமாகப் படுத்திருந்தார். வேறு வழியில்லாமல் கம்பெனிக்காரர்கள் அக்காவுக்கு விசா அனுப்பினார்கள். திங்கட்கிழமை அக்கா அந்தக் கடுதாசியோடு என் கடைக்கு வந்து நின்றார். கூடவே அவருடைய மகள் கவிதா. இருபது வயதுப் பிள்ளை, டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள்.

புதன்கிழமை நேராக மஸ்கட் போகும் விமானத்தில் இடம் இல்லை. ஆகவே இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாகச் சேர்த்தேன். காலை ஒன்பதரைக்குக் கட்டுநாயக்கவிலிருந்து ஒரு விமானம். வளைகுடாவில் ஒரு நகரத்தில் இறங்கி, அங்கிருந்து வேறொரு கம்பெனியின் விமானத்தில் மஸ்கட். இரண்டாவது பயணத்துக்கு இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்று ஒன்றரை மணி நேரம் கழித்து. மற்றது நாலரை மணி நேரம் கழித்து.

அன்று மாலை என் மனைவி ஸ்டெல்லா கடைக்குத் தேநீர் கொண்டுவந்தவள், திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒன்றரை மணி நேரம் போதுமா? ரெண்டும் வேற வேற கம்பெனில்ல?"

"போதும். கையில ஒரு பேக்தான் கொண்டு போறாங்க. இறங்கி, அடுத்த கவுன்டர்ல போர்டிங் கார்டு எடுத்தா முடிஞ்சுது. பாவம், அந்த அக்காவை எதுக்கு நாலரை மணி நேரம் தனியா ஒக்கார வைக்கணும்?"

அக்காவுக்கு இரக்கம் காட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் பிந்தினாலும் அவர்களே அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள் என்பதும், தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது கம்பெனிக்கு நம்மைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன். இத்தனை வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே, இனி என்ன நடக்கப்போகிறது என்ற எண்ணம்தான்.

அக்காவுக்கு ஒரு தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எங்கே இறங்குவது, எந்தக் கவுன்டரில் காட்டுவது, அடியில் என் ஃபோன் நம்பர். கடைசியாக ஒன்று சொன்னேன். "அக்கா, யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கையவிட்டுக் குடுத்துறாதீங்க. வெளிநாட்டுல அது தொலைஞ்சா அவ்வளவுதான்." அவர் அதைக் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை கட்டுநாயக்கவில் கடும் மழை. என் ஃபோனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதரை ஆனது, விமானம் கிளம்பவில்லை. பத்து மணி. பத்தேகால். கடைசியில் பத்தே முக்காலுக்குத்தான் எழும்பியது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். அக்கா இறங்கும்போது அடுத்த விமானம் கிளம்பக் கால் மணி நேரம்தான் இருக்கும். விமானம் ஏறும் வாசலை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள்.

அக்காவின் ஃபோன் அந்த நாட்டில் வேலை செய்யாது. அவருக்குத் தமிழும் கொஞ்சம் சிங்களமும் தவிர வேறு பாஷை தெரியாது. அந்த நாட்டுக்கு விசா இல்லாததால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவும் முடியாது. மறுநாள் காலை ஆபரேஷன்.

நான் ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவரே, அந்த ரெண்டாவது விமானத்தையும் பிந்த வையும்" என்று கேட்டேன். கொப்பி எடுக்கும்போதும், போட்டோ பிடிக்கும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். என் தவறு யாருக்கும் தெரியாமல் போக வேண்டும் என்பதுதான் அந்த ஜெபத்தின் உள்ளே இருந்தது.

நம் நேரம் மூன்றரை மணிக்கு அந்த விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

அப்போதுதான் மெஷினுக்குப் பின்னால் விழுந்தேன். "ஆண்டவரே, இது என் தப்பு. மழை மேல பழி போட எனக்கு வாயில்ல. அந்த அக்காகிட்ட யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் குரல் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சமும் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் மனதில் தெளிவாக வந்து நின்றது. கவிதாவிடம் போய்ச் சொல்.

நான் அதைச் செய்ய விரும்பவில்லை. மழையால் பிந்திவிட்டது என்று சொன்னாலே போதும், யாரும் என்னைக் குற்றம் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் எழுந்தேன். காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடையை அப்படியே விட்டு, துணிக்கடைக்கு நடந்தேன். ஐந்து நிமிட நடை. அன்று அது தீரவே இல்லை.

கவிதா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"என்னண்ணே? அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"இல்லம்மா. அம்மா போன விமானம் பிந்திருச்சு. அடுத்ததை விட்டுட்டாங்க. மழைதான் காரணம்னு சொல்லலாம். ஆனா நான் நேரத்தைக் குறைச்சு வச்சு டிக்கெட் போட்டேன். கூடுதலா நேரம் உள்ள விமானம் இருந்துச்சு. நான் அதை எடுக்கல. தப்பு என்னோடது."

அவள் முகம் வெளுத்துப்போனது. திட்டுவாள் என்று நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப அம்மா எங்க இருப்பாங்க?"

"அந்த விமான நிலையத்துக்குள்ளதான். என் நம்பர் அவங்க கையில இருக்கு."

"அப்ப ஒங்க கடையிலதான் நான் இருக்கணும். வாங்க போவோம்."

முதலாளியிடம் சொல்லிவிட்டு என்னோடு நடந்தாள். கடைக்குள் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். வெளிநாட்டு நம்பர்.

ஒரு பெண் குரல் சிங்களத்தில் பேசியது. பிறகு தமிழுக்கு மாறியது. "நீங்க யோவேலா? இங்க ஒரு அம்மா அழுதுகிட்டு நிக்கிறாங்க. தாள்ல உங்க நம்பர் இருக்கு."

அவருடைய பெயர் நிலந்தி. சிங்களப் பெண். சொந்த ஊர் கொத்மலை. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் நம் தமிழ் அவருக்கு வரும். அந்த விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். பாத்ரூம் வாசலில் ஒருவர் "ஐயோ ஆத்தா, இப்ப நான் என்ன செய்வேன்" என்று அழுகிற சத்தம் கேட்டதும், இது எங்கள் பக்கத்துப் பேச்சு என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். அன்று அவருக்கு அந்தப் பகுதியில் வேலையே இல்லையாம். கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று மாறி வந்திருக்கிறார்.

"கவுன்டருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன். பய வென்ன எபா அக்கே, பயப்படாதீங்கன்னு ரெண்டு பாஷையிலயும் சொல்லிட்டேன். ஆனா பாஸ்போர்ட்டைக் குடுக்கவே மாட்டேங்கிறாங்க. கவுன்டர்ல கேட்டாலும் நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிறாங்க" என்றார் நிலந்தி அக்கா.

எனக்குத் தலை குனிந்தது. அது நான் சொல்லிக் கொடுத்த பாடம். ஃபோனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி நான் பேசினேன். "தம்பி, நீங்கதானே குடுக்க வேணாம்னு சொன்னீங்க" என்று அழுதார் பரமேஸ்வரி அக்கா. பேசுவது நான்தானா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அளவுக்குப் பயந்திருந்தார்.

கவிதா ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அம்மா, நான் கவிதா. அழாத. நான் யோவேல் அண்ணன் கடையிலதான் இருக்கேன். அந்த அக்கா நம்ம ஊரு ஆளு. பாஸ்போர்ட்டை அவங்க சொல்ற எடத்துல குடு. அப்பா ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு."

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சொன்னார். "சரி புள்ள."

அதே நேரத்தில் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, திங்கட்கிழமை வேண்டாம் என்று தள்ளிவிட்ட அந்த மாலை விமானத்தைத் தேடினேன். இடம் இருந்தது. என் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து நிலந்தி அக்காவின் ஃபோனுக்கு அனுப்பினேன். போர்டிங் கார்டு கைக்கு வந்ததும் அதைப் படம் பிடித்து அனுப்பினார். படத்தின் ஓரத்தில் பரமேஸ்வரி அக்காவின் கை மட்டும் தெரிந்தது. கொழுந்துக் கறை படிந்த விரல்கள். அதைப் பார்த்து நானும் கவிதாவும் அழுதுவிட்டோம்.

நிலந்தி அக்கா தன் தேநீர் நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விமான வாசலுக்கு எதிரிலேயே உட்கார வைத்து, பக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்திடமும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்.

நம் நேரம் எட்டு மணிக்கு முன்பே அக்கா மஸ்கட்டில் இறங்கிவிட்டதாகக் கம்பெனி ஆளிடமிருந்து செய்தி வந்தது. மறுநாள் காலை லோகநாதன் அண்ணன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தார். இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார். பாரம் தூக்க முடியாது. ஆனால் நடக்கிறார்.

அக்கா திரும்பி வந்ததும் நான் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "நான் ஆத்தாவைக் கூப்பிட்டேன், நீங்க ஒங்க சாமியக் கூப்பிட்டீங்க. கொத்மலைக்காரி வந்தா. இனிமே என்ன தம்பி, தேத்தண்ணியக் குடிங்க." குடித்தேன்.

அதன் பிறகு என் தொழில் மாறிவிட்டது. தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் நாலு மணி நேரத்துக்குக் குறைவாக நான் போடுவதில்லை. பெட்டி எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமென்றால் இன்னும் கூட. கல்யாணம், ஆஸ்பத்திரி, பரீட்சை என்றால் ஒரு நாள் முன்னால் போகச் சொல்வேன். நடுவில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்று முதலில் பார்ப்பேன். ஸ்டெல்லா கேட்கும் கேள்விக்கு இப்போது நின்று பதில் சொல்கிறேன்.

போன மாதம் நம் சபைத் தம்பி ஒருவர் வந்து, ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் கேட்டார். நான் மறுத்தேன். "அண்ணே, விசுவாசம் இல்லையா?" என்று சிரித்தார்.

"இருக்கு தம்பி. அவர் ஒரு தடவை என்னைத் தூக்கி விட்டாரு. அதுக்காக ஒவ்வொரு தடவையும் வேணும்னே விழணுமா?" என்றேன். அவர் நாலரை மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டார்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது ஒரு தவறைச் செய்துவிட்டு, அது வெளியே தெரியாமல் போக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் ஜெபித்தேன். அந்த ஜெபத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. அதற்காக இன்று நன்றி சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய், உங்களால் பாதிக்கப்பட்டவரிடமும் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, போங்கள்.

பிற்பாடு நிலந்தி அக்காவிடம் ஃபோனில் பேசியபோது, பரமேஸ்வரி அக்காவை அவர் எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேட்டேன். அவர் சொன்ன நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். மூன்று நாற்பது. நான் துணிக்கடைப் படியில் ஏறிக்கொண்டிருந்த நேரம்.