பச்சைத் திரையும் பாலர் பள்ளி ஆயாவும்

நிமிடத்துக்கு நூறு மூக்குகளைச் சிந்திவிடுவாள் எங்கள் அரசு பாலர் பள்ளி ஆயா. நூறு கொஞ்சம் அதிகம்தான். மொத்தப் பிள்ளைகளே முப்பத்திரண்டு. ஆனால் வாசற்குழாயடியில் அவள் கை போகிற வேகத்தைப் பார்த்தால் நீங்களும் கூட்டித்தான் சொல்வீர்கள்.

மளிகைக்காரர் மகள், டாக்டர் வீட்டு இரட்டையர், புதிய நூலாலைக்கு எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், எல்லாரும் அவள் கையில் அகப்பட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "ஒண்ணுக்கு வருதுங்கறது நாலு பாஷையில தெரியும் பெரியம்மா. அதுக்கு மேல படிச்சு நான் என்ன மந்திரியாவா ஆகப்போறேன்?" என்பாள் என்னிடம். முந்தானை முடிச்சில் எப்போதும் அறுந்த பொத்தான்கள். எது யார் சட்டையுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

சென்ற வாரம் பேத்தியை அழைத்துவர மதியமே போய்விட்டேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவே ஒரு பச்சைத் திரை! சன்னல் பக்கம் ஊர்ப்பிள்ளைகள், இருட்டுப் பக்கம் ஆலைப்பிள்ளைகள்.

"இது என்னடி கூத்து?" என்றேன் டீச்சரிடம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு தாளை நீட்டினாள். பெற்றோர் மனு. ஆலைப்பிள்ளைகளோடு சேர்ந்திருந்தால் ஊர்ப்பிள்ளைகளின் பேச்சு கெட்டுவிடுமாம். மூன்றாவது கையெழுத்து என் மகனுடையது. கைபிடித்து நான் எழுதப் பழக்கிய அதே எழுத்து.

"அவனுக்கும் நான்தான் மூக்கு சிந்திவிட்டேன்," என்றாள் ஆயா.

"ஆயா, ஒரு பிள்ளை திரையைத் தாண்டினாலும் உங்க வேலை போயிடும். மேலிடத்துல கண்டிப்பா சொல்லிட்டாங்க," என்று கெஞ்சிவிட்டு டீச்சர் அலுவலறைக்குப் போனாள்.

ஆயா சேலையை இடுப்பில் செருகினாள். பிள்ளையோடு சேர்த்துப் பாயைத் திரைக்கடியில் சன்னல் பக்கம் இழுத்தாள். ஒன்று, இன்னொன்று. இரட்டையருக்கு நடுவே ஓர் ஆலைப்பிள்ளை, என் பேத்தியின் பக்கத்தில் ஒன்று. ஒருத்தரும் கண் விழிக்கவில்லை.

திரும்பி வந்த டீச்சர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, என்ன ஆயா இது!"

நான் முந்திக்கொண்டேன். "தூக்கத்துல பிள்ளைங்க புரளாதா? தானா உருண்டு வந்துடுச்சுங்க. நான் பார்த்துட்டேதான் இருந்தேன்."

"பாயோடயா?"

"பாயோடதான்!"

"பெரியம்மா கதை விடுறாங்க டீச்சர். நான்தான் இழுத்தேன்," என்ற ஆயா, இருட்டுப் பக்கம் மிச்சமிருந்த கடைசிப் பாயின் நுனியைப் பிடித்தாள்.