தண்டவாளத் துண்டும் கம்ப்யூட்டர் மிஸ்ஸும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது நான்கு. யாரிடமும் கைநீட்டாமல் நால்வரையும் ஆளாக்கினேன். பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு எதிரே அடுக்குமாடி எழும்புகிறது. அங்கே ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்தால் எங்கள் விளக்கு மங்கிப்போகும். உடனே என் வலது கை தானாக ஓர் இரும்புக் கம்பியைத் தேடும்.

அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆயாம்மாவாக இருந்தேன். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது போக மணி அடிப்பதும் என் பொறுப்பு. மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு, அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நான் அடித்தால்தான் படித்தவர்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது அவற்றுக்குத் தனி லைன் வரும் என்றார்கள். வரவில்லை. அந்த அறைக்கும் வெல்டிங் கொட்டகைக்கும் ஒரே கரண்ட். அங்கே பையன்கள் வெல்டிங் வைத்தால் இங்கே திரையெல்லாம் ஒன்றாக அணைந்துவிடும். கரண்ட் போனால் தாங்க வேண்டிய பேட்டரியும் செத்துக் கிடந்தது. வந்த வாத்தியார்கள் சலித்துப்போய், கம்ப்யூட்டரை உறை போட்டு மூடிவிட்டு, கரும்பலகையில் கம்ப்யூட்டர் படம் வரைந்து பாடம் நடத்தினார்கள்.

பிறகுதான் கம்ப்யூட்டர் மிஸ் வந்தார். திருவேற்காட்டில் அறை எடுத்துத் தங்கி ஷேர் வேனில் வருவார். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. வந்த வாரமே என்னிடம், "ஆயாம்மா, உங்க மணிய எனக்குக் கொஞ்சம் கடன் தருவீங்களா?" என்றார். விட்டு விட்டு இரண்டு அடி அடித்தால் வெல்டிங் நிற்க வேண்டும், மூன்று அடித்தால் தொடரலாம். இதுதான் அவர் செய்த ஏற்பாடு. வெல்டிங் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா ஆயா, அந்தப் பொட்டி தொட்டாச்சிணுங்கியா? நெருப்புல வேலை செய்ற என் பசங்க உன் டொய்ங் டொய்ங்குக்கு நிக்கணுமா?" முணுமுணுத்தாலும் நின்றார். கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரம் பையன்கள் துரு தேய்த்தார்கள். போகப்போக மாஸ்டரே ஜன்னலோரம் வந்து, பிள்ளைகள் திரையில் இரும்பு கேட் படம் வரைவதைப் பார்ப்பார். மிஸ் உள்ளே கூப்பிட்டால், "நான் வந்தா அணைஞ்சி பூடும் மிஸ்" என்பார். மிஸ் சிரிக்கிற சிரிப்பு மரத்தடி வரை கேட்கும்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து இருவர் பார்வையிட வந்தார்கள். அறை பயன்படுகிறது என்று அவர்கள் சொன்னால்தான் மிஸ்ஸுக்கு வேலை நீளும். இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் நின்றேன். ஒருவர் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். மற்றவர் கொட்டகைக்குப் போய், வெல்டிங் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டார். அறையின் விளக்கு மங்கியது. ஓடிப்போய் அடித்தேன். இரண்டு, மூன்று என்ற கணக்கெல்லாம் இல்லை, கை மரத்துப்போகும்வரை அடித்தேன். பொறி நிற்கவில்லை. திரைகள் கறுத்துக் கிடந்தன. இந்த அறைக்கு ஒரு டீச்சர் எதற்கு என்று உள்ளே உட்கார்ந்திருந்தவர் சொன்னது வராந்தா வரை கேட்டது.

சாயங்காலம் மாஸ்டர் தண்ணீர்ப் பானையருகே வந்து நின்றார். குடிக்கவில்லை. "நீ அடிச்சது காதுல உழுந்துச்சு ஆயா. அந்தாளு பக்கத்துலயே நின்னுகினு இருந்தான். நிறுத்துங்கடான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

மிஸ்ஸுக்கு வேலை நீளவில்லை. கடைசி நாளில் அவர் ஒவ்வொரு பெட்டியையும் துடைத்து உறை போட்டார். பானைக்கு மேலே சுவரில் தன் போன் நம்பரை எழுதினார். "தனி லைன் வந்துட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க ஆயாம்மா. சும்மா வந்து பார்த்துட்டுப் போறேன்." பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். நான் வேறு கட்டடத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது நம்பர் இருந்த சுவர் பளிச்சென்று இருந்தது.

அதற்கப்புறம்தான் லைன் வந்தது. கொட்டகையில் பொறி பறக்க, அறையில் திரைகள் அசையாமல் எரிந்தன. மாஸ்டர் ஜன்னலோரம் நின்று பார்த்தார். நான் பழக்கத்தில் கம்பியோடு மரத்தடியில் நின்றேன், அடிக்க ஒன்றும் இல்லாமல்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதைப் போனில் அடிக்கிறாள். எங்கெங்கோ இருப்பவர்கள் படிப்பார்கள் என்கிறாள். எதிர்க்கட்டடத்தில் வெல்டிங் தொடங்கிவிட்டது. எங்கள் விளக்கு மங்குகிறது, அவள் கையிலிருக்கும் திரை மங்கவில்லை. அடித்ததைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். "எல்லாத்தையும் படிக்க வேணாம்மா," என்றேன். "லைன் வந்துச்சுன்னு சொன்னேன் இல்ல, அதை மட்டும் சத்தமா படி."