காவியைத் தாண்டிய கோடு

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் பானை செய்பவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் காவியைக் கரைத்து அதன்மேல் எழுதுவார். அக்கி இடுப்பைச் சுற்றிவந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்பார்கள்.

நான் நாலாவது படித்தபோது தாத்தாவின் இடுப்பில், பாம்பு ஊர்ந்த தடம்போலச் சிவப்பாக ஒரு கோடு புறப்பட்டது. அரிப்பு தாங்கவில்லை. அக்கி என்று நினைத்துக் காவி எழுதினார்கள். காலையில் பார்த்தால் கோடு காவியைத் தாண்டி முதுகுப்பக்கம் போயிருந்தது. தாத்தா பயந்துவிட்டார். வளவனூரில் இருந்த தம்பிக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள். நான் சின்னத்தாத்தாவைப் பார்த்ததே அன்றுதான். ஒரு பை மல்லாட்டைக் கடலையோடு வந்து கட்டிலோரம் நின்றார்.

"இன்னாண்ணே, இப்படிப் படுத்துக்கினு கீற?"

"நீ வர்றதுக்கு எனக்கு அக்கி வரவேண்டியிருக்குது பாரு."

மறுபடி எழுதிய காவி காயும்வரை சின்னத்தாத்தா விசிறிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. மாடுகளைச் சின்னத்தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு, தாத்தாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் அந்தச் சிவப்புக் கோட்டின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, வெளியே உட்காரச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தபோது கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது.

"அக்கின்னா இருந்த இடத்துலயே கொப்புளிக்கும், பெரியவரே. இது ஓடுது. தோலுக்குள்ள புழு. வெறுங்காலோட சேத்துல நிக்கிறவங்களுக்கு மண்ணுல இருந்து ஏறும். வயசானவங்க உடம்புல தங்கிக்கினு ஆளையே சாய்ச்சிடும். நல்லவேளை, வந்துட்டீங்க."

மலத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். தாத்தா சிரிக்கவில்லை.

"தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா. அக்கின்னே இருக்கட்டும்."

"ஏம்பா, அவரும் பயந்துக்கினு இல்ல இருக்காரு?"

"இருக்கட்டுமே."

சில நாளில் கோடு மறைந்துபோனது. சின்னத்தாத்தா ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்தார். தாத்தா பானை செய்பவரை வரவழைத்து, ஒன்றுமில்லாத முதுகில் இன்னொரு தரம் எழுதச் சொன்னார். அவர் எதையும் கேட்காமல் எழுதினார். சின்னத்தாத்தா பையைக் கீழே வைத்துவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டார். தாத்தா கண்களை மூடிக்கொண்டார்.

புழு என்று சொல்ல வெட்கப்படுகிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.