ரோசி சாப்பிடாத வாரம்

நியூசிலாந்தில் பாம்பு வளர்க்க அனுமதியில்லை. அதனால் மகள் முழ நீளத்தில் ஒரு நீலநாக்கு அரணையை வாங்கி, ரோசி என்று பெயரும் வைத்தாள். அது முட்டையிடாது, குட்டி போடும். ரோசி சினையாக இருந்தபோது மகள் வேலை கிடைத்து வெலிங்டனுக்குப் போய்விட, கிளென் ஈடனில் இருந்த எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவித்த முட்டை, பூசணி, நத்தை என்று நேரம் தவறாமல் வைத்தேன். கடைசி வாரம் ரோசி எதையும் தொடவில்லை. செத்துவிட்டால் மகளுக்கு என்ன சொல்வேன்? கரண்டியில் முட்டையை எடுத்து வாயருகே நீட்டினேன். நாக்கைக் காட்டிச் சீறியது.

"ஒரு வாய், ரோசி! வயித்திலை குட்டியெல்லே?" என்று கத்தினேன்.

கணவர் சிரித்தார். "மகள் வயித்திலை இருக்கேக்கை என்ரை அம்மாவும் உமக்கு இதைத்தானே சொன்னவ. நீர் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு கதவைப் பூட்டினனீர்."

எரிச்சலோடு மிருக வைத்தியருக்கு அழைத்தேன். வயிறு முழுக்கக் குட்டிகள், சாப்பாட்டுக்கு இடமில்லை, தொந்தரவு செய்யாதீர்கள் என்றார்.

தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு விலகியிருந்தேன். சில நாட்களில் பெட்டிக்குள் விரல் நீளக் குட்டிகள் ஓடின. ரோசி நத்தையை ஓட்டோடு நொறுக்கிக்கொண்டிருந்தது.

அன்று நான் பூட்டிய கதவுக்கு வெளியே மாமி எவ்வளவு பயத்தோடு நின்றிருப்பார் என்று முதல் தடவையாக யோசித்தேன்.