ஊர்ப்படைப் பட்டியலின் பதினோராம் பக்கம்

டெல்மர் ஷாஃப்னர் பழைய ஊர்ப்படைப் பட்டியலில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டார் என்று ஸ்டோனி ரன் ஊர் முழுக்கப் பேச்சு. முடிவெட்டும் கடையில் கிழித்தார் என்றார்கள். பெட்ரோல் பங்கை எட்டுவதற்குள் மென்றார் என்று ஆனது. சர்ச் வாசலில் காபி ஊற்றி விழுங்கியே விட்டார். நேரில் போய்ப் பார்த்தால் பக்கம் பத்திரமாக இருக்கிறது, ஓரத்தில் வெல்லப்பாகுப் ‘பை’ என்ற பலகாரத்தின் கறை மட்டும். ஆனால் தின்றால் என்ன என்று அவர் யோசித்தது உண்மை.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷமும் ஊர் பார்த்தது அவருடைய பின்மண்டையைத்தான். சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி ஒருநாள்தான் முகத்தைப் பார்க்கும். அமெரிக்கப் புரட்சிக்குப் பிந்தைய ஊர்ப்படையில் மூதாதை யோஸ்ட் தூக்கியதாகச் சொல்லப்பட்ட நீளத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, ஊர்வலத்தின் முதல் ஆளாக நடப்பார். வரலாற்றுச் சங்கத்தின் சாவியும் அவரிடம்தான். வேறு யாரும் கேட்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஊர்மன்றம் வம்பை விலைக்கு வாங்கியது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை நாட்டின் அரசியல் சாசனத்தில் சேர்த்தபோது நம் முன்னோர் என்ன நினைத்தார்கள் என்று நாலு வரி எழுதி, சதுக்கத்துக் கல்லில் பித்தளைப் பலகை பதிப்பதாம். துப்பாக்கிக் கடையும் மக்காச்சோள வயலும் வைத்திருக்கும் கேலன் ரைக்கர்ட், வீட்டுக்கு வீடு சொந்தத் துப்பாக்கி, அது அவனவன் உரிமை என்றார். பேக்கரி லோர்னா ஃபிக்ஸ், உரிமை ஊர்ப்படைக்குத்தான், தனி ஆளுக்கில்லை என்றார். முன்னோரைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லாததால், பட்டியலைப் படித்துச் சொல்லும் வேலை டெல்மர் தலையில் விழுந்தது. மூன்று வாரம் கேலன் மான்கறி வத்தல் கொண்டுவந்தார், லோர்னா வெல்லப்பாகுப் பை சுட்டுக் கொண்டுவந்தார். ஆராய்ச்சியில் டெல்மருக்குப் பத்து பவுண்டு எடை கூடியது.

பதினோராம் பக்கத்தில் வினை காத்திருந்தது. 1797 அணிவகுப்புக்கு வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்கள் தோளில் துப்பாக்கி பத்தொன்பது, துப்பாக்கிக்குப் பதிலாகக் கம்பு பதினாறு, மக்காச்சோளத் தட்டை ஆறு, குடை ஒன்று. தட்டைக்காரர்களில் முதல் பெயர் யோஸ்ட் ஷாஃப்னர். அருகே கேப்டனின் கையெழுத்தில், 'இது மூன்றாம் முறை.'

படித்தால் ஜூலை நாலு போச்சு. படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டால் கேட்க ஆளில்லை. டெல்மர் இரண்டு நாள் அந்தப் பக்கத்துக்கு எதிரே உட்கார்ந்து பை சாப்பிட்டார். மூன்றாம் நாள் மன்றத்தில், காது சிவக்க, குடை வரைக்கும் விடாமல் படித்தார்.

முதலில் எழுந்தது கேலன்.

"துப்பாக்கி இல்லேன்னு கேப்டன் திட்டியிருக்கான்ல? அப்போ அவனவன் சொந்தமா வெச்சிருக்கணும்னுதானே அர்த்தம்?"

"திட்டறதுக்குன்னு ஒரு கேப்டன் இருந்தான் பாரு, அப்போ அது படைதானே, அதைத்தான்ப்பா நான் மூணு வாரமா சொல்றேன்" என்றார் லோர்னா.

குடை யாருடையது என்று மன்றத் தலைவர் கேட்டார். ஃபிக்ஸ் வீட்டுடையது என்றார் டெல்மர். அன்றைக்கு மழையாக இருக்கும் என்று லோர்னா உட்கார்ந்துவிட்டார். இரு தரப்பும் வென்றுவிட்டதால் கல் மொட்டையாகவே நிற்கிறது.

ஜூலை நாலு காலையில் துப்பாக்கி சுவரிலேயே இருந்தது. வழியில் கேலன் வயலில் ஒரு தட்டையை ஒடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, டெல்மர் ஊர்வலத்தின் கடைசியில் முரசுக்காரர்களோடு போய் நின்றார். தோகை முகத்தில் அடிக்கிறது என்று முரசுக்காரர்கள் அவரை முன்னால் தள்ளினார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் தள்ளினார்கள். சதுக்கத்தை அடைந்தபோது அவர்தான் முதல் ஆள். ஜனம் இத்தனை வருஷத்தில் அப்படிக் கை தட்டியதில்லை.

மறுநாளே கேலன் டெல்மர் வீட்டு வாசலில் நின்றார். "அந்தத் தட்டையில ரெண்டு கதிர் விட்டிருக்கும் டெல்மர். அறுவடைக்குக் குடுத்துடு."

"அது தட்டையா, ஆயுதமா? ஆயுதம்னா, நீ சொன்னபடியே அது அவனவன் உரிமை, அதைத் திருப்பிக் கேக்க உனக்கு உரிமையே கிடையாது. முதல்ல பலகையில எழுதி முடிங்க, அப்புறம் பாப்போம்."

அறுவடை முடிந்து வயலில் பனி விழுந்தாயிற்று. இரண்டு கதிரும் இன்னும் பாக்கி.