கேப்டனை இரண்டு முறை கூப்பிட வேண்டும்

விமானி வேலை என்பது, யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருக்கும் வேலை. லைசென்ஸ் வாங்கிய பிறகு நான்கு வருடம் விமான கம்பெனிகளின் பதிலுக்காகக் காத்திருந்தேன். அந்த நான்கு வருடமும் மாரத்தஹள்ளியில் ஒரு கால் சென்டரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று புலம்பியவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவே என்னைக் கூப்பிட்ட பெயர் ‘பைலட்டு’. ஆட்டோ ஸ்டாண்டில் பைலட்டு, இட்லிக் கடையில் பைலட்டு, ரேஷன் வரிசையிலும் பைலட்டு. மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. கால் சென்டர் வேனில் ஏறும்போது அந்தப் பெயரைக் கேட்டால் எப்படி இருக்கும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஒரு சின்ன கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. எழுபது பேர் உட்காரும், இறக்கையில் விசிறி வைத்த விமானங்கள். ஹூப்ளி, மைசூர், சேலம் என்று பக்கத்து ஊர்களுக்குப் பறப்பவை. பயிற்சியின் முடிவில் சிமுலேட்டர் பரீட்சை. தேறினால் வேலை. தவறினால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வீட்டுக்கு, அதாவது அந்தத் தெருவுக்கு, அந்தப் பெயருக்கு. எந்த வேலையாக இருந்தாலும் சரி, பயிற்சி என்ற பெயரில் நொந்து நூலானவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஹூப்ளியில் கடல்

முதல் வாரம் எங்கள் எட்டுப் பேரையும் வாடகைக்கு எடுத்த நீச்சல் குளம் ஒன்றில் இறக்கினார்கள். விமானம் கடலில் விழுந்தால் பயணிகளை எப்படிக் காப்பாற்றுவது என்பது பாடம். நாங்கள் பறக்கப்போகும் ஊர் எதிலும் கடல் இல்லை என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சட்டத்தில் இருக்கிறது, குதி என்றார்கள். குதித்தோம். தானாக ஊதிக்கொள்ள வேண்டிய ரப்பர் படகு ஊதிக்கொள்ளவில்லை. அதைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றிக் கரை சேர்ப்பதிலேயே பாடவேளை முடிந்துவிட்டது.

குளத்து வாட்ச்மேன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே பறக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். முதல் ரூட் ஹூப்ளி என்றேன். சிரிக்கக்கூட இல்லை, நிதானமாகச் சொன்னார்: “ஹூப்ளி நம்ம ஊருதான் சார். அங்க சமுத்திரம் எங்க இருக்கு, குழாயில தண்ணி வர்றதே வாரத்துக்கு ஒரு தடவ.”

வாய் திறக்கும் வகுப்பு

பயிற்சிப் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பெரிய கேப்டன் என்போம். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னாலும் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. கும்பகோணத்துக்காரர் என்று கேள்வி. ஆனால் தமிழில் பேசினால் தோளில் இருக்கும் நான்கு பட்டையில் ஒன்று உதிர்ந்துவிடும் என்பதுபோல ஆங்கிலம் மட்டும்தான். தினமும் காலையில் அவருக்கு குட் மார்னிங் சொல்வோம். பதில் வராது. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லிப் பார்த்தோம். ஏசி சத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, நேராக நடந்து போய்விட்டார்.

அவர் எங்களுக்கு எடுத்த பாடம்தான் விசேஷம். விமானத்தில் சின்னவர்கள் பயப்படாமல் வாய் திறந்து பேச வேண்டும், பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதை மூன்று மணி நேரம் அவர் ஒருவரே பேசினார். அதில் உருப்படியாக ஒரு விதி இருந்தது. பறக்கும்போது ஏதோ சரியில்லை என்று கேப்டனிடம் இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால், மனுஷன் மயங்கிவிட்டார் என்று முடிவு செய்து விமானத்தை நம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் பக்கத்தில் ஸ்டெல்லா. கோலார் தங்கவயல் பெண். ஏர்போர்ட் கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுத்துக்கொண்டே படித்து லைசென்ஸ் வாங்கியவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. கையைத் தூக்கி, பதில் சொல்லாமல் இருப்பதே ஒரு கேப்டனின் வழக்கமாக இருந்தால் மயக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். பெரிய கேப்டன் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். மறுபடி கேட்டாள். அதற்கடுத்த ஸ்லைடுக்குப் போனார். ஸ்டெல்லா என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தாள்: “ரெண்டு தடவ கேட்டாச்சு. நான் எழுந்து போய் கிளாஸ் எடுக்கட்டுமா?”

பீரோவில் ஒரு விமானம்

சிமுலேட்டரில் ஏறுவதற்கு முன்னால் விமானத்தின் பொத்தான்கள் எல்லாம் கை தேடாமல் தொடும் அளவுக்குப் பழக வேண்டும். அதற்குக் கம்பெனி கொடுத்தது ஒரு போஸ்டர். காக்பிட் முழுவதும் அதில் அச்சடித்திருக்கும். சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதத்தை அழுத்தி அழுத்திப் பறக்க வேண்டியதுதான். நூறு கோடி விமானத்துக்கு நம்மைத் தயார் செய்யும் லட்சணம் இது. ஸ்டெல்லா தங்கியிருந்த பெண்கள் விடுதியில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒட்டினோம். வீட்டில் அவ்வளவு அகலத்துக்குக் காலியாக இருந்தது அம்மாவின் இரும்பு பீரோ மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டெல்லா கேப்டன் நாற்காலியில், நான் பக்கத்தில். ரன்வேயில் வேகம் பிடித்து மூக்கைத் தூக்கிவிட்டோம், இடது என்ஜினில் தீ. கற்பனைத் தீ என்றாலும் எனக்கு நிஜமாகவே வியர்த்தது. அம்மா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாவியோடு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். “ஏம்மா ஸ்டெல்லா, அந்த பிளேன கொஞ்சம் தொறக்கறேன், பட்டுப்புடவ உள்ள இருக்கு.”

மூன்று நிமிட மரியாதை

சிமுலேட்டர் என்பது கால் முளைத்த பெரிய பெட்டி. உள்ளே நிஜ காக்பிட், வெளியே திரையில் ஆகாயம், எங்கும் பல வருடத்து சாக்ஸ் வாசனை. பரீட்சை வைத்தவர் நிர்மலா மேடம், மைசூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார். அன்றைக்கு என் பக்கத்தில் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தவர், வேறு யார், பெரிய கேப்டன்தான். ஸ்டெல்லாவுக்கு மறுநாள் பரீட்சை. வேடிக்கை பார்க்க மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஹூப்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் அவர். ஐயாயிரம் அடியில் நிற்க வேண்டிய விமானம் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. “ஆல்டிட்யூட்” என்று மெதுவாகச் சொன்னேன். பதில் இல்லை. வழக்கமாக இல்லாத பதில்தானே என்று இருந்துவிட்டேன். பெரிய மனுஷன் ஏதோ யோசனையில் இருக்கிறார், இன்னொரு முறை தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்வார் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு என்ன புத்தி பாருங்கள். தரை வந்தது. திரை சிவப்பானது. பெரிய கேப்டன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் கன்ட்ரோலை வாங்கவில்லை என்று மேடம் கேட்டார். சார் எப்போதுமே இப்படித்தான் இருப்பார் மேடம் என்றேன். ஸ்டெல்லா சட்டென்று குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தாள். அவள் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ. மேடம் சிரிக்கவில்லை. பேப்பரில் எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: “மூணு நிமிஷம் ஒரு பொணத்துக்குப் பக்கத்துல மரியாதையா உக்காந்திருந்தீங்க. நிஜ பிளேனா இருந்தா எழுபது பேர் போயிருப்பாங்க.”

தையற்காரரின் சந்தேகம்

ஏர்போர்ட் பஸ்ஸில் ஹெப்பாள் வரைக்கும் அழுதேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மறுநாள் பரீட்சையில் ஸ்டெல்லா தேறிவிட்டாள். சந்தோஷப்பட்டேன், வயிறும் எரிந்தது. எங்கள் எட்டுப் பேருக்கும் யூனிஃபார்ம் கோட் தைத்தவர் பிரேசர் டவுன் பாஷா பாய். அளவு சரி பார்க்க வரச்சொன்னார். கடையில் ஏழு கோட் கையில் தங்கப் பட்டையோடு தொங்கின. எட்டாவது கோட் மொட்டையாகத் தொங்கியது. செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. பாய் கெட்டவர் இல்லை. வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, ரொம்ப அக்கறையாகத்தான் கேட்டார்: “பட்டி ரெண்டும் இப்பவே தெச்சுடவா பாய், இல்ல ரிசல்ட் வரட்டுமா? அப்புறம் பிரிச்சா துணில தடம் தெரியும்.”

இரண்டாவது முறை

பத்து நாள் கழித்து அதே பெட்டி, அதே சாக்ஸ் வாசனை, பின்னால் அதே மேடம், பக்கத்தில் அதே பெரிய கேப்டன். குட் மார்னிங் சொன்னேன். பதில் இல்லை. எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரும், தயாராக இருங்கள் என்று மேடம் சொன்னார்.

இந்த முறை மைசூர். அவர்தான் ஓட்டினார். ரன்வே எதிரில் தெரிந்தது. வேகம் குறைய ஆரம்பித்தது, இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே போனது. “ஸ்பீட்” என்றேன். பதில் இல்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். மயக்கமா, வழக்கமா என்று அந்த முகத்தை வைத்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எத்தனை குட் மார்னிங், எத்தனை ஸ்லைடு, அந்த மொட்டைக் கோட், நாளைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் காதில் விழப்போகும் பெயர், எல்லாம் சேர்ந்து வந்தது. “கேப்டன், ஸ்பீட்” என்று பெட்டி அதிரக் கத்தினேன். பதில் இல்லை.

விமானத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு கையால் வேகத்தை ஏற்றிவிட்டு, அதே கையை நீட்டி, அவர் கன்ட்ரோல் மேல் சாயாதபடி தோள் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். கையை அசைத்தார். மயங்கியவர்கள் கை அசைப்பார்கள், ஏமாந்துவிடாதே என்று வகுப்பில் அவரே சொல்லியிருந்தார், ஆகவே ஏமாறவில்லை. வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, பாவம், பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. கொஞ்சம் குதித்தாலும் நேராக ரன்வேயின் நடுவில் இறக்கி நிறுத்தினேன்.

விளக்குகள் எரிந்தன. மேடம் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். மயங்கியதுபோல நடிக்க வேண்டியது அடுத்த சுற்றில்தானே கேப்டன், பரவாயில்லை, பையன் விதிப்படிதான் செய்திருக்கிறான், இதையே தேர்ச்சியாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெரிய கேப்டன் பூட்டிய பெல்ட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, முதல் முறையாகத் தமிழில் வாய் திறந்தார்: “நான் உயிரோடதான்பா இருந்தேன்.”

பாஷா பாய் பட்டையை அன்றைக்கே தைத்துக் கொடுத்தார். தெருவில் இப்போது என்னை சரவணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிஜமாகவே பைலட் ஆகிவிட்டவனை பைலட்டு என்று கூப்பிடுவதில் அவர்களுக்கு என்ன ருசி இருக்கும்?

பெரிய கேப்டனோடு வாரத்தில் இரண்டு நாள் ஹூப்ளிக்குப் பறக்கிறேன். நான் குட் மார்னிங் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது, இரண்டாவது முறை கூப்பிடும் வாய்ப்பை மனுஷன் எனக்குத் தருவதே இல்லை.