சிறகில்லாத வெள்ளிக்காசு

“தாமா. விடுதலை பெற்ற அடிமை. சம்மட்டிக்காரன். கவனக்குறைவானவன்.” ரோமின் காசடிப்புச் சாலைப் பதிவேட்டில் அந்த வரியை எழுதியவன் நான்தான். கையெழுத்து அழகாகவே விழுந்திருக்கிறது.

பத்தொன்பது வருஷத்தில் தாமா அடித்த காசு ஒன்றுகூடக் கோணியதில்லை. கீழே பட்டடையில் ரோமாதேவியின் முகம், இடக்கையில் பிடித்த மேலச்சில் சிறகு விரித்த வெற்றிதேவி, நடுவே சுட்ட வெள்ளிவில்லை, ஒரே அடி. சிலசமயம் அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டி உதிர்க்காமல் அடுத்ததை அடித்தால், அதில் வெற்றிதேவி விழமாட்டாள். ஒரு பக்கம் ரோமாவின் முகம் மேடாகவும் மறுபக்கம் அதே முகம் பள்ளமாகவும் விழும்.

அந்தக் கோடையில் கிழக்கே ஓர் ஆற்றங்கரையில் நமக்குப் பெரிய வெற்றி. தாமாவின் ஒரே மகன் கிறிஸ்பஸ் அந்த ஆற்றோடு போனான். வென்றவர்களுக்கு உடல்களைத் தேட நேரமில்லை. அந்த வெற்றிக்கான காசை அடிக்கும் வேலை தாமாவுக்கே வந்தது; அவனைவிட நல்ல கை எங்களிடம் இல்லை.

உடலில்லாமலே கல்லறை கட்டுவதென்று ஆயிற்று. செத்தவர்களை மறுவுலக ஆற்றின் மறுகரை சேர்க்கும் ஓடக்காரனுக்குக் கூலியாகச் செம்புக்காசு வைப்பதுதான் வழக்கம். துக்கம் கேட்கப் போன என் எதிரிலேயே தாமாவின் மனைவி சால்வியா மறுத்துவிட்டாள்.

“செம்பு வேணாம். பழைய வெள்ளியும் வேணாம், எவனெவன் கையிலயோ பொரண்டது. அப்பன் கையால புதுசா அடிச்சதை வை. ஆனா அந்த றெக்கைக்காரி என் புள்ளகிட்ட வரக்கூடாது.”

“இந்த வருஷம் அடிக்கிறதெல்லாம் அவதானேடி?”

“அது உன் பாடு.”

மறுநாள் மேற்பார்வையாளன் ஸ்டோலோ ஒரு காசைத் தூக்கிப் பிடித்தான்.

“என்னடா தாமா, கண்ணு அவிஞ்சுபோச்சா? றெக்கையைக் காணோம்!”

“பறந்துருச்சுங்க.”

“நக்கலு! உருக்குற உலையில போடு.”

“எனக்குக் குடுத்துருங்கய்யா. ஈடா என் பழைய வெள்ளி ஒண்ணு தர்றேன். நிறுத்துப் பாத்துக்குங்க.”

“இதை எந்தக் கடையிலடா வாங்குவான்?”

“கடைக்கில்லீங்க.”

பழைய காசு ஒரு குன்றிமணி எடை கூடவே இருந்தது. ஸ்டோலோவுக்குத் திருப்தி. “கவனக்குறைவுன்னு எழுதுய்யா” என்றான் என்னிடம். எழுதினேன்.

நகர வாசலுக்கு வெளியே, வெறும் மண்மேட்டின் முன் நின்று சால்வியா மகனை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.  தாமா குனிந்து காசை மட்டும் வைத்தான்.

அந்தக் காசு அச்சில் விழுந்த அன்று நான் அவனுக்கு மூன்று முழத் தொலைவில் உட்கார்ந்திருந்தேன். மேலச்சில் காசு ஒட்டியிருந்ததைத் தாமா பார்த்தான். சற்றுநேரம் பார்த்தபடியே இருந்தான். பிறகு அதை உதிர்க்காமல் அடுத்ததை அடித்தான்.